சுடருக்குள் முதல் துகள்: புகைக்கரியின் பிறப்பைத் தேடிய நுண்ணோக்கி ஆய்வு

காமாட்சி விளக்கின் சுடர் மஞ்சளாகத் தெரிவதே அதற்குள் கரித்துகள்கள் இருப்பதால்தான். எண்ணெயின் ஆவி எரிவதற்கு முன்னால், ஆக்ஸிஜன் எட்டாத உட்பகுதியில் வெப்பத்தால் சிதைகிறது. சிதைந்ததில் ஒரு பகுதி திடக் கார்பனாகத் திரள்கிறது. அந்தத் துகள்கள் சூட்டில் ஒளிர்கின்றன. பெரும்பாலானவை சுடரின் நுனியைத் தாண்டுவதற்குள் எரிந்துவிடும். தப்பியவை விளக்கு மாடத்தில் கரியாகப் படியும், டீசல் லாரிக்குப் பின்னால் கறும்புகையாக வரும், கப்பலின் புகைபோக்கியிலிருந்து கடற்காற்றில் கலக்கும்.

வாயுவாக இருந்த ஒன்று எப்போது திடமாகிறது, எது அதை ஒட்டவைக்கிறது? இந்தக் கேள்வியை நுண்ணோக்கியின் உதவியோடு அணுகிய ஓர் ஆய்வைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கப் போகிறோம். 2018-லும் 2019-லும் கட்டுரைகளாக வெளியான அந்த ஆய்வில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மார்க்கஸ் கிராஃப்ட், ஜேக்கப் மார்ட்டின் ஆகியோரின் குழுவுக்கு முக்கியப் பங்கு உண்டு. அந்தக் குழுவின் இன்னொரு கால் சிங்கப்பூரில் இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யூனிவர்சிட்டி டவுன் வளாகத்தில், கிரியேட் கட்டடத்தில் இயங்கும் கேம்பிரிட்ஜ் கேர்ஸ் ஆய்வு மையம்தான் அது.

நான் சிங்கப்பூரில் மின்னணு நுண்ணோக்கியோடு வேலை செய்பவன். அந்த ஆய்வில் எனக்குப் பங்கில்லை. ஆனால் அதே வகைச் சுடரும் அதே வகை மாதிரிகளும் எங்கள் மேசைக்கும் வரும். அதனால் ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரியில் முடிந்துபோகிற வேலைகளுக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இந்த ஆய்வின் பலமும் பலவீனமும் அந்த ஒரு வரி வேலைகளில்தான் இருக்கின்றன என்பது என் எண்ணம்.

ஒட்டாத மூலக்கூறுகள்

கதையின் முன்பாதியும் பின்பாதியும் ஓரளவு தெளிவாகத் தெரியும். எத்திலீன் போன்ற எரிபொருள் வெப்பத்தில் உடைந்து அசிட்டிலீன் தருகிறது. சிறு துண்டுகள் சேர்ந்து பென்சீன் வளையம் உருவாகிறது. ஒரு வளையத்தின் ஓரத்திலிருந்து ஹைட்ரஜன் அணு கழலும், அந்த இடத்தில் அசிட்டிலீன் வந்து ஒட்டும். இப்படிக் கழன்று, ஒட்டி, மறுபடி கழன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வளையங்கள் கூடிய தட்டையான மூலக்கூறுகள் வளர்கின்றன. பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன் என்பது இவற்றின் முழுப்பெயர். ஆய்வகத்தில் எல்லாரும் பிஏஎச் என்றுதான் சொல்வோம். இது முன்பாதி.

பின்பாதியும் தெரிந்ததுதான். சில நானோமீட்டர் அளவுள்ள இளம் துகள் ஒன்று பிறந்துவிட்டால், அதன் மேற்பரப்பில் அசிட்டிலீனும் பிஏஎச்-களும் படிந்து அது பருக்கும். 10 முதல் 50 நானோமீட்டர் வரையான உருண்டைகளாகும். உருண்டைகள் மோதி ஒட்டிக்கொண்டு, கிளைவிட்ட நீண்ட திரள்களாகும். நாம் கையில் தொடும் கரி இந்தத் திரள்களின் குவியல்.

இரண்டுக்கும் நடுவே இருக்கும் படிதான் பிடிபடவில்லை. நான்கு வளையம் கொண்ட பைரீன் மூலக்கூறு இரண்டு ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்து முதல் விதையாகிறது என்று வைத்துக்கொண்டுதான் பல கணினி மாதிரிகள் நெடுநாள் ஓடின. கணக்குக்கு அது வசதி. ஆனால் தட்டை மூலக்கூறுகளுக்கு இடையே இருப்பது மெலிந்த ஈர்ப்பு விசை. சுடருக்குள் வெப்பநிலை 1500 கெல்வினுக்கு மேல் போகும். அந்தச் சூட்டில் பைரீன் ஜோடி நிலைக்காது, சேர்ந்த வேகத்தில் பிரிந்துவிடும். பெரிய மூலக்கூறுகளுக்கு ஈர்ப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் அவை போதிய அளவில், போதிய சீக்கிரத்தில் உருவாகின்றனவா என்ற அடுத்த சிக்கல் உடனே வந்து நிற்கும். இவ்வளவு சூட்டிலும் பிடியை விடாத அந்தப் பசை எது?

இந்த ஊரில் ஏன் இது முக்கியம்

சிங்கப்பூர் உலகிலேயே அதிகமாகக் கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்பும் துறைமுகம். டீசல் எஞ்சின் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் உறுதியாக வகைப்படுத்தியது. 2013 ஜூன் 21 அன்று காட்டுத்தீயால் வந்த புகைமூட்டத்தில் இங்கே 3 மணி நேரக் காற்றுத் தரக் குறியீடு 401-ஐத் தொட்டதை அப்போது இங்கிருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காட்டுப் புகையில் கரியைவிடக் கரிமச் சேர்மங்கள்தான் அதிகம், அதனால் அதையும் எஞ்சின் கரியையும் ஒன்றாகப் பேசக்கூடாது. ஆனாலும் காற்றில் மிதப்பது என்ன என்ற கேள்வி இந்த ஊர் மக்களுக்குப் பழக்கமானது.

தெரிந்தவர்கள் சிலர் சன்னல் விளிம்பில் துடைத்த கறுப்புத் தூசியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து, "தம்பி, இது கப்பல் புகையா, பஸ் புகையான்னு பாத்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். கனரக எண்ணெய் எரித்த கரியில் வனேடியமும் நிக்கலும் இருக்கும், எக்ஸ்-கதிர் பகுப்பாய்வில் அது தெரியும். அதனால் ஓரளவு சொல்லலாம். ஆனால் அந்தத் தூசியில் டயர் தேய்மானமும் பூஞ்சை வித்தும் சிமெண்டும் கலந்திருக்கும். எப்போது, எந்தக் காற்றில் வந்து படிந்தது என்று தெரியாத துகளை எத்தனை பெரிதாக்கிப் பார்த்தாலும், அதன் பிறப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கிராஃப்ட் குழுவின் ஆய்வை நான் மதிப்பதற்கு முதல் காரணமே இதுதான். ஒவ்வொரு துகளும் சுடரின் எந்த இடத்திலிருந்து வந்தது என்று தெரிந்தபிறகுதான் அவர்கள் படத்துக்குப் பொருள் சொன்னார்கள்.

சுடரிலிருந்து கிரிட் வரை

எத்திலீனைச் செங்குத்துக் குழாயில் மெதுவாக மேலே அனுப்பி, சுற்றிலும் காற்றை அதே திசையில் விட்டுப் பற்றவைத்தால், ஆடாத, அசையாத ஒரு சுடர் கிடைக்கும். இதற்குப் பெரிய பலன் ஒன்று உண்டு. குழாய் வாயிலிருந்து மேலே போகப் போக, எரிபொருளுக்கு வயது கூடுகிறது. அடியில் இருப்பது இப்போதுதான் கிளம்பியது, மேலே இருப்பது சில பத்து மில்லிசெகண்டு வாழ்ந்தது. சுடரின் உயரம்தான் கடிகாரம். துகள் முதன்முதலாகத் தென்படும் உயரத்தில் மாதிரி எடுத்தால், பிறந்த குழந்தையைப் பார்க்கலாம். அதற்கு மேலே எடுத்தால் வளர்ந்ததைப் பார்க்கலாம்.

எடுப்பது எப்படி? ஊடுருவு மின்னணு நுண்ணோக்கிக்குள் வைக்கும் மாதிரித்தட்டு 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்பு வலைத்துண்டு. கிரிட் என்போம். அதன்மேல் மெல்லிய கார்பன் படலம் இருக்கும். பெரும்பாலும் ஓட்டை ஓட்டையாக இருக்கும் படலத்தையே தேர்ந்தெடுப்போம். ஓட்டையின் விளிம்பில் தொங்கும் துகளுக்குப் பின்னால் வேறு கார்பன் இருக்காது, அதனால் அதன் அடுக்குகள் துலக்கமாகத் தெரியும். இந்தக் கிரிட்டை ஒரு மெல்லிய உலோகப் பிடியில் செருகி, அழுத்தக் காற்றால் இயங்கும் பிஸ்டனில் பொருத்தி, சுடருக்குள் சட்டென்று நுழைத்து வெளியே இழுப்பார்கள். உள்ளே இருப்பது சில பத்து மில்லிசெகண்டுதான்.

குளிர்ந்த கிரிட்டின் பக்கம் துகள்கள் தாமாகவே வந்து சேரும். துகளின் சூடான பக்கத்தில் மோதும் வாயு மூலக்கூறுகள் வலுவாக மோதும், குளிர்ந்த பக்கத்தில் மோதுபவை மெதுவாக மோதும். அதனால் துகள் குளிர்ந்த பக்கம் தள்ளப்படும். டாபின்ஸ், மெகாரிடிஸ் இருவரும் 1987-ல் சுடர்க் கரிக்கு இந்த முறையை நிலைநாட்டினார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இவ்வளவு சிறிய துகள்களில் இந்தத் தள்ளுவேகம் துகளின் அளவை ஏறக்குறையச் சார்ந்ததே இல்லை என்பது. சிறியதும் பெரியதும் ஒரே வேகத்தில் வந்து சேரும். கிரிட்டில் சிறு துகள் அதிகம் தெரிந்தால், சுடரிலும் அந்த இடத்தில் சிறு துகள்தான் அதிகம் என்று நம்பலாம். வடிகட்டித் தாளிலோ, சுவரில் படிந்ததைச் சுரண்டியெடுத்த கரியிலோ இந்த நியாயம் கிடைக்காது.

இத்தனைக்கும் பிறகு சுடர் ஆடினால் எல்லாம் வீண். சிங்கப்பூரில் ஆய்வகம் என்றால் ஏர்கான் ஓடாமல் இருக்காது, அந்தக் காற்று நேரே சுடர்மேல் இறங்கும். சுடரைச் சுற்றி வலை கட்டி, மேலே வெளியேற்றக் குழாயின் இழுப்பையும் சரிபார்த்தால்தான் அது அடங்கும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணன் ஒருவர் சுடர் அறையில் பல வருட அனுபவம் உள்ளவர். அடியில் இன்னும் இளம் துகளைப் பிடிக்க வேண்டும் என்ற ஆசையில் ஒருமுறை நான், "அண்ணே, இன்னும் கொஞ்சம் கீழே போகலாமா?" என்று கேட்டேன். "போகலாம் தம்பி, ஆனா கிரிட்ல ஒண்ணுமே ஒட்டலன்னு அப்புறம் என்கிட்ட வந்து நிக்காத. கூட நேரம் வெச்சா ஒட்டும். ஆனா அது சுடர்ல பொறந்ததா, உன் கிரிட்ல பொறந்ததான்னு யாரு சொல்றது?" என்றார்.

அவர் சொன்னது இந்தத் துறையின் மையமான கவலை. கிரிட் உள்ளே அதிக நேரம் இருந்தால் அதுவே சூடேறும், படலம் கருகும், வாயுவாக இருந்த பிஏஎச்-கள் அதன்மேல் ஆறிப் படியும். அப்படிப் படிந்த கசடு இளம் துகள் மாதிரியே தெரியும். குறைந்த நேரம் வைத்தால் தேடுவதற்கு ஒன்றும் இருக்காது. இரண்டுக்கும் இடையே ஒரு குறுகிய இடைவெளி இருக்கிறது, ஒவ்வொரு உயரத்துக்கும் அது வேறு. எடுத்த கிரிட்டைத் திறந்த மேசையில் விடவும் கூடாது. இந்த ஊர் ஈரத்தில் எதுவும் எதன்மேலும் படியும். புகைப்படக்காரர்கள் லென்ஸ் வைக்கும் டிரை கேபினட்டில்தான் எங்கள் கிரிட் பெட்டிகளும் இருக்கின்றன.

திரையில் என்ன தெரிகிறது

குறைந்த உருப்பெருக்கத்தில், வளர்ந்த கரி எல்லா எரிபொருளிலும் கிட்டத்தட்ட ஒரே முகம் காட்டும். ஒன்றோடொன்று ஒட்டிய உருண்டைகள், வளைந்தும் கிளைத்தும் போகும் திரள்கள். இவற்றின் பின்ன வடிவப் பரிமாணம் (நேர்க்கோட்டுக்கு 1, நிரம்பிய பந்துக்கு 3 என்று வரும் அளவு) 1.8 அளவில் இருக்கும். கோடும் இல்லை, நிரம்பிய பந்தும் இல்லை. அலைந்து திரியும் சிறு திரள்கள் மோதி மோதிச் சேர்ந்தால் இந்த எண்தான் வரும் என்று கணக்கும் சொல்கிறது. இதைப் பற்றி இன்று பெரிய சர்ச்சை இல்லை.

உருப்பெருக்கத்தைக் கூட்டி ஒரே உருண்டைக்குள் போனால் இன்னொரு உலகம். 200 கிலோவோல்ட்டில் எலக்ட்ரானின் அலைநீளம் 0.0025 நானோமீட்டர். லென்ஸின் குறைகளால் அந்த அளவுக்குப் பிரித்தறிய முடியாது என்றாலும், கார்பன் அடுக்குகளைப் பிரித்துப் பார்க்க இது தாராளம். கிராஃபைட்டில் அடுக்குக்கும் அடுக்குக்கும் இடைவெளி 0.335 நானோமீட்டர். கரியில் அது சற்று அகன்று 0.35-க்கு மேலே இருக்கும். திரையில் கறுப்புக் கோடுகளாகத் தெரிவது நம் கண்ணுக்கு விளிம்பைக் காட்டி நிற்கும் மூலக்கூறு அடுக்குகள். முகத்தைக் காட்டிப் படுத்திருப்பவை தெரியாது. ஆக, நாம் பார்ப்பது துகளின் ஒரு பகுதியை மட்டும், அதுவும் முப்பரிமாணம் நசுங்கிய ஒரு நிழலை. இதை மனதில் வைத்துக்கொள்ளாமல் கரியின் படத்தைப் படிக்கவே கூடாது.

முதிர்ந்த துகளில் ஒரு ஒழுங்கு தெரியும். வெளிப்புறத்தில் நீண்ட கோடுகள் உருண்டையின் வளைவை ஒட்டி ஒன்றன்பின் ஒன்றாகச் சூழ்ந்திருக்கும், நடுவில் குட்டையான, திசைமாறிய கோடுகள் கலைந்து கிடக்கும். சுடரின் அடியில் எடுத்த இளம் துகளிலோ அந்த வெளி ஓடே இருக்காது. எல்லாம் குட்டைக் கோடுகள், ஒரு நானோமீட்டர் அளவில். இவற்றில் பாதிக்கு மேற்பட்டவை நேராக இல்லாமல் வளைந்திருந்தன என்பதுதான் 2018 ஆய்வின் கண்டுபிடிப்பு.

தட்டையான அறுகோண வளையங்களை எவ்வளவு சேர்த்தாலும் தளம் தட்டையாகவே இருக்கும். நடுவில் ஓர் ஐங்கோண வளையம் புகுந்தால் தளம் குழியத் தொடங்கும். இங்கே சமூக மன்றங்களில் விளையாடும் செபாக் தக்ராவ் பந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். பின்னலுக்கு நடுவே 12 ஐங்கோணத் துளைகள் இருக்கும். 1985-ல் கண்டுபிடிக்கப்பட்ட சி60 என்ற கார்பன் பந்திலும் ஐங்கோணங்கள் மிகச்சரியாக 12. பந்து முழுதாக மூட 12 வேண்டும். ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் ஆழமில்லாத கிண்ணம் கிடைக்கும். நடுவில் ஓர் ஐங்கோணமும் சுற்றி ஐந்து அறுகோணங்களும் கொண்ட கொரனுலீன் என்ற மூலக்கூறு அப்படி ஒரு கிண்ணம். மூலக்கூறு வளைய ஆரம்பிக்க இந்த ஆறு வளையமாவது வேண்டும் என்று அதே குழுவின் கணக்கீடு 2019-ல் காட்டியது. படத்தில் இருந்த வளைந்த கோடுகளோ 15 வளையங்களை ஒட்டிய, இரண்டு ஐங்கோணமாவது கொண்ட கிண்ணங்களுக்குப் பொருந்தின.

வளைந்தால் என்ன? தட்டை மூலக்கூறில் தளத்தின் இரு பக்கமும் எலக்ட்ரான் பரவல் சமம். கிண்ணத்தில் அது சமமில்லை. வெளிப்பக்கம் ஒரு மின்சுமையும் உள்பக்கம் எதிர்ச் சுமையும் கொஞ்சம் கூடும். மூலக்கூறு முனைவுத்தன்மை பெறுகிறது. நீர் மூலக்கூறின் இருமுனைத் திறன், அதாவது இந்த முனைவின் அளவு, 1.85 டிபாய். இந்தக் கிண்ணங்களுக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வரும் என்று கணக்கிட்டார்கள். அதோடு, சுடர் மின்சாரம் கடத்தும். எரிதலின்போதே, சிஎச் துண்டும் ஆக்ஸிஜன் அணுவும் மோதும் இடத்தில் அயனிகள் பிறக்கின்றன. மின்புலம் வைத்தால் கரியின் அளவு மாறுகிறது என்பது நெடுநாளாகத் தெரிந்ததுதான், ஏன் என்பதுதான் தெரியாது. முனைவுள்ள கிண்ணங்கள் ஓர் அயனியைச் சுற்றிக் கூடலாம், அந்தச் சூட்டிலும் பிடிவிடாமல் நிற்கலாம். இளம் துகளின் படத்தில் கண்ட வளைவிலிருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டது விவாதம்.

வளைத்தது சுடரா, கற்றையா

இந்த இடத்தில் எந்த நுண்ணோக்கிக்காரருக்கும் ஒரு சந்தேகம் வரவேண்டும். வராவிட்டால் அவர் தன் கருவியை முழுதாக அறியவில்லை. 1992-ல் டேனியல் உகார்ட்டே என்ற அறிவியலாளர், மின்வில்லில் உண்டான கார்பன் கரியை நுண்ணோக்கியிலேயே வலுவான எலக்ட்ரான் கற்றைக்கு ஆட்படுத்தினார். தட்டை அடுக்குகள் அவர் கண்முன்னே வளைந்து, மூடி, ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய கோளங்களாக மாறின. அதாவது, பார்க்கும் செயலே வளைவை உண்டாக்கும். அப்படியானால் இளம் துகளில் தெரிந்த வளைவு சுடர் தந்ததா, கற்றை தந்ததா?

தப்பிக்கச் சில வழிகள் உண்டு. குறையில்லாத கிராஃபைட் அடுக்கிலிருந்து ஒரு கார்பன் அணுவை இடம்பெயர்க்க, கற்றைக்கு 80 கிலோவோல்ட்டுக்குச் சற்று மேலே வேண்டும். அதனால் 80-ல் இயக்குவது ஒரு பாதுகாப்பு. ஆனால் கரியின் மூலக்கூறுகள் ஓரங்களும் ஹைட்ரஜனும் நிறைந்தவை, ஓரத்தில் இருக்கும் அணு இன்னும் எளிதில் கழலும். ஆகவே மின்னழுத்தம் மட்டும் போதாது. கற்றையின் அளவைக் குறைத்து, பக்கத்து இடத்தில் குவியத்தைச் சரிசெய்து, பிறகு தொடாத இடத்துக்கு நகர்ந்து, முதல் படத்தையே கணக்கில் எடுக்க வேண்டும். அதே இடத்தை மீண்டும் மீண்டும் படமெடுத்து, கோடுகள் எப்போது உருமாறத் தொடங்குகின்றன என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம்விட வலுவான வாதம் சுடரின் உயரத்திலிருந்தே வருகிறது. ஒரே சுடர், ஒரே வகைக் கிரிட், ஒரே கற்றை, ஒரே அளவு வெளிச்சம். உயரம் மட்டும் வேறு. அடியில் எடுத்ததில் குட்டையான வளைந்த கோடுகள், மேலே எடுத்ததன் ஓட்டில் நீண்ட கோடுகள். கற்றைதான் எல்லாவற்றையும் வளைக்கிறது என்றால் இந்த வேறுபாடு வரக்கூடாது. வேறுபாடு இருக்கிறது என்றால், அது சுடரின் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும். ஒரே ஒரு அழகான படத்தைப் போட்டு முடிவு சொல்கிற கட்டுரைகளுக்கு இந்தத் தற்காப்பு கிடையாது. மாதிரி எடுத்த இடத்தை இவ்வளவு நேரம் பேசியதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு ஓட்டை படப் பகுப்பாய்வில் இருக்கிறது. படத்தை வடிகட்டி, கறுப்பு வெள்ளையாகப் பிரித்து, ஒவ்வொரு கோட்டையும் ஒரு புள்ளி அகலத்துக்கு மெலித்து, நீளத்தையும் இரு முனைகளுக்கு இடையேயான நேர்தூரத்தையும் மென்பொருள் அளக்கும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வளைவின் அளவு. கேட்பதற்கு எளிது. ஆனால் புள்ளிகளின் படிக்கட்டு ஓரமே நேர்க்கோட்டைக் கோணலாகக் காட்டும். கறுப்பு வெள்ளை எல்லையைச் சிறிது நகர்த்தினால் இரண்டு கோடுகள் ஒன்றாகிவிடும், சேர்ந்த இடத்தில் இல்லாத வளைவு முளைக்கும். வடிவம் தெரிந்த மூலக்கூறுகளைக் கணினியில் வைத்து, அவற்றின் நுண்ணோக்கிப் படத்தைச் செயற்கையாக உண்டாக்கி, அதே மென்பொருளில் ஓட்டிப் பார்த்தால்தான் எந்த வளைவை நம்பலாம் என்று தெரியும். இதைச் செய்யாத ஆய்வின் வளைவு எண்ணை நான் நம்புவதில்லை. கோணலாக இருப்பது வேறு, ஐங்கோணத்தால் குழிந்திருப்பது வேறு.

ஒவ்வொரு மூலக்கூறாக

டெம், அதாவது ஊடுருவு மின்னணு நுண்ணோக்கி, காட்டுவது விளிம்பு. முகத்தைப் பார்க்க வேறு கருவி வேண்டும். ஜூரிக் ஐபிஎம் ஆய்வகத்தில் லியோ கிராஸ் குழு 2009-ல் பென்டசீன் மூலக்கூறின் ஐந்து வளையங்களையும் அணுவிசை நுண்ணோக்கியில் தனித்தனியாகக் காட்டியது. ஊசியின் நுனியில் ஒரே ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறை ஒட்டவைத்து, 5 கெல்வின் குளிரில் வருடிப் படமெடுக்கும் முறை அது. அதே குழு நேப்பிள்ஸ் எரிதல் ஆய்வாளர்களோடு சேர்ந்து, சுடரில் எடுத்த இளங்கரியின் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து 2019-ல் வெளியிட்டது.

பலவித உருவங்கள் தெரிந்தன. ஓரங்களில் ஐங்கோண வளையங்கள் நிறைய. சிலவற்றில் ஜோடி சேராத எலக்ட்ரான், அதாவது எதோடாவது பிணையத் துடிக்கும் இடம். இதுவும் ஒரு பசைதான். மின்சுமையின் ஈர்ப்பைவிட உறுதியான வேதிப்பிணைப்பு. இப்படிப்பட்ட, ஒத்திசைவால் (பல அணுக்களில் பரவி நிற்பதால்) நிலைபெற்ற தனி எலக்ட்ரான் கொண்ட துண்டுகள் சங்கிலி வினையாகச் சேர்ந்து துகளைப் பிறப்பிக்கலாம் என்று ஜோஹான்சன், மிக்கெல்சன் முதலானோர் 2018-ல் வேறொரு பாதையில் வந்து சொல்லியிருந்தார்கள்.

இந்த அற்புதமான படங்களுக்கும் அதே கேள்வியைப் போட வேண்டும்: எந்த மூலக்கூறுகள் இந்த மேசைக்கு வந்து சேர்ந்தன? மாதிரியைச் சட்டென்று சூடாக்கி ஆவியாக்கித்தான் குளிர்ந்த பரப்பில் படியவைக்கிறார்கள். ஆவியாகாத கனமானவை வராது. ஆழமாகக் குழிந்தவற்றின் மேல் ஊசி சரியாக வருட முடியாது. ஆக, தட்டையானவற்றின் பக்கம் இந்த முறை சாயும். டெம் பக்கம் திரும்பினால், அங்கே வெற்றிடத்தில் இளம் துகளின் இலேசான பகுதிகள் ஆவியாகிப் போயிருக்கலாம், விளிம்பு காட்டி நிற்பவை மட்டும்தான் கணக்கில் வரும். இரண்டின் குறைகளும் வெவ்வேறு பக்கம் சாய்பவை. இரண்டிலும் ஐங்கோணம் தலைகாட்டுகிறது என்பதால்தான் அதை நான் உறுதியாக ஏற்றுக்கொள்கிறேன்.

ஐங்கோணம் இருக்கிறது, சரி. அதுதான் பசையா? இங்கே கிராஃப்ட் குழு செய்த ஒன்றை மாணவர்கள் கவனிக்க வேண்டும். 2019 கட்டுரையில் அவர்களே தங்கள் கிண்ணங்களை ஜோடி ஜோடியாகக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். அதிகம் குழிந்தவை ஒன்றோடொன்று நெருங்க முடியாமல் பிணைப்பு குறைகிறது, கிண்ணங்கள் மட்டும் தமக்குள் கூடிச் சுடர் வெப்பத்தில் துகளாவது நடக்கும்போல் தெரியவில்லை என்று எழுதினார்கள். அயனியோடு சேரும் வழி மட்டும் திறந்தே இருக்கிறது என்றார்கள். தாம் முன்வைத்த கருத்தின் ஒரு பாதியைத் தாமே வெட்டிவிடுவது எளிதல்ல. அதைச் செய்ததால் மீதிப் பாதியின்மேல் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது. என் கணிப்பு, அயனி, தனி எலக்ட்ரான், பெரிய தட்டை மூலக்கூறு ஆகிய மூன்றும் சுடரின் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு அளவில் வேலை செய்கின்றன. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விலக்கும் காலம் போய்விட்டது.

பஸ் டிப்போ வரை

வளைவு வெறும் ஆய்வகச் சங்கதி இல்லை. வளைந்த அடுக்கில் கார்பன் பிணைப்புகள் இழுபட்டு நிற்கின்றன, குட்டை அடுக்கில் ஓர அணுக்கள் அதிகம். இரண்டையுமே ஆக்ஸிஜன் எளிதில் தாக்கும். உள்ளமைப்பு மாறினால் கரி எரியும் வேகம் பல மடங்கு மாறும் என்று வாண்டர் வால், டோமசெக் இருவரும் 2003-ல் காட்டினார்கள்.

சிங்கப்பூரில் புதிய டீசல் வாகனங்களுக்கு 2018 ஜனவரி முதல் யூரோ 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடப்பில் இருக்கிறது. அந்த வாகனங்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. பிடித்த கரியை அவ்வப்போது எரித்துத் தீர்க்காவிட்டால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். ஆக்ஸிஜனால் மட்டும் எரிக்க 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். நைட்ரஜன் டையாக்சைடு துணையிருந்தால் 300-ஐ ஒட்டியே தொடங்கிவிடும். நின்று நின்று போகும் நகர பஸ்ஸில் புகைக்குழாய் போதுமான சூட்டை எட்டுவதே சிரமம். அந்த எஞ்சினில் பிறக்கும் கரி குட்டையான, வளைந்த அடுக்குகள் கொண்டதா, நீண்ட ஓடு போர்த்தியதா என்பதைப் பொறுத்து எரித்துத் தீர்க்கும் நேரமும் அதற்குச் செலவாகும் டீசலும் மாறும்.

எஞ்சினுக்குள் ஆடாத சுடர் கிடையாது, உயரம் என்ற கடிகாரமும் கிடையாது. அழுத்தம் அதிகம், சுழல் காற்று, சில மில்லிசெகண்டில் முடிந்துபோகும் எரிதல். சுடர் அறையில் கற்ற மாதிரி எடுக்கும் ஒழுக்கத்தை அங்கே கொண்டுபோவது எப்படி என்பதுதான் எங்கள் அறையில் இப்போது நடக்கும் பேச்சு. அண்ணன் பிஸ்டனின் வேகத்தைக் கூட்டும் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் ஒரே துகளைப் பல கோணங்களில் சாய்த்துப் படமெடுத்து, நசுங்கிய நிழலை முப்பரிமாணமாக்க முயல்கிறேன். கோணம் ஒவ்வொன்றுக்கும் கற்றை மறுபடி அதே துகள்மேல்தான் விழும் என்பதால், எத்தனை கோணம் எடுக்கலாம் என்ற வரம்பை முதலில் கண்டுபிடித்தாக வேண்டும்.